காசியில் விட்ட பாகற்காய்

காசிக்குப் போகிறவர் எதையேனும் ஒன்றை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது நம் தமிழ்நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. உங்கள் வீட்டு விருந்திலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ, ஒரு கறி வரும்போது மட்டும் இலைமேல் கையை நீட்டி மறைத்து, "வேண்டாம், காசியிலே விட்டுவிட்டேன்" என்று சொல்லியிருப்பார். யாத்திரை வருகிறவர் இரண்டு மூன்று நாளில் ஒன்றை விட்டுப் போகிறார். நாமோ இங்கேயே குடியிருக்கிறோம். பட்ட வகுப்பென்றால் மூன்றாண்டு, ஆராய்ச்சி மாணவரென்றால் ஐந்தாறு ஆண்டு. இத்தனை காலத்தில் நாம் எதை விட்டோம்? இரண்டு குடை, ஒரு மிதிவண்டிச் சாவி, பல காலை வகுப்புகள். இவற்றைத் தவிர நான் எதையும் விட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்நாளில் "ஏற்றுக்கொள், விட்டுவிடு" என்பது மிக மலிவான உபதேசமாகிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் யாரேனும் ஒருவர் சிரித்த முகத்தோடு அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேர்வில் தோற்றவனுக்கும் அதுவே மருந்து, காதலில் தோற்றவனுக்கும் அதுவே மருந்து, வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவனுக்கும் அதுவே மருந்து. எல்லா நோய்க்கும் ஒரே சூரணம் விற்கிறவனைச் சந்தையில் கண்டால் நாம் சற்று விலகித்தானே நடப்போம்? ஆயினும் இந்தச் சொற்கள் பொய்யல்ல. இவற்றின் பின்னால் உண்மையான ஒரு நெறி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுதத் தகுதியுண்டா என்றால் இல்லை. நான் காசியில் விட்டது பாகற்காய்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் என் அப்பத்தாவும் தந்தையாரும் ஊரிலிருந்து ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு வந்தார்கள். காசியில் இரண்டு நாள் தங்கிய பிறகு கயைக்குப் போனோம். தாத்தாவுக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்பது அப்பத்தாவின் பல வருஷத்து எண்ணம். கயையில் பல்குனி ஆறு சீதையின் சாபத்தால் மணலாய்க் கிடக்கிறது, தோண்டினால்தான் நீர் என்று அவள் சிறு வயதில் கதை கேட்டிருந்தாள். ஆனால் 2022ஆம் ஆண்டில் விஷ்ணுபாதத்துக்கு அருகே ரப்பர் அணை ஒன்று அமைத்து நீரைத் தேக்கியிருக்கிறார்கள். நிறைந்து நின்ற தண்ணீரைக் கண்டதும் அப்பத்தாவுக்குச் சிறிது ஏமாற்றம். "சாபம் போயிருச்சா?" என்று கேட்டாள். எஞ்சினியர்கள் போக்கிவிட்டார்கள் என்றேன்.

கடைசியாக அட்சய வடம். அந்த ஆலமரத்தின் அடியில்தான் விடும் சடங்கு நடக்கிறது. தமிழ் யாத்திரிகர்களிடம் பழகிய பண்டா ஒருவர், "ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை சொல்லுங்கோ" என்று நம் மொழியிலேயே கேட்டார். முதலில் தந்தையார் சொன்னார். அடுத்தது என் முறை. நான் ஒரு கணமும் தயங்காமல், "பாகற்காய், விளாம்பழம், ஆலிலை" என்றேன். பாகற்காயை நான் பிறந்தது முதல் தொட்டதில்லை. விளாம்பழம் எப்போதோ தின்றது. ஆலிலையில் யார் எனக்குச் சோறு போடப் போகிறார்கள்? இப்படியாக ஐந்து காசு நஷ்டமில்லாமல் ஒரு துறவை முடித்துக்கொண்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் அப்பத்தா நின்றாள். அவள் உடனே சொல்லவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பண்டா இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் "கத்தரிக்காய்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கத்தரிக்காய் இல்லாத குழம்பு மாதத்தில் நாலு நாள் இருந்தால் அதிகம். எழுபது வயதுக்கு மேல் அதை விடுவது சிறிய செயலல்ல. ரயிலில் திரும்பும்போது அதை மெச்சிப் பேசினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய்யா, ஒனக்குத்தான் பாவக்காயே ஆகாதே?"

"அதனாலதான் அப்பத்தா அதை விட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு சொன்னாள்: "நான் மட்டும் என்னத்த விட்டுட்டேன். கெணத்த விட்டுப்புடணும்னுதான் ஊருல இருந்தே நெனச்சுக்கிட்டு வந்தேன். மரத்தடியில நின்னப்ப அது வாய்க்கு வரமாட்டேன்னுருச்சு. கத்தரிக்கான்னு சொல்லிப்புட்டேன்."

கிணறு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்குப் பிறந்த வீட்டில் ஒன்றரை ஏக்கரும், கூட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு நீரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1998-ல் அவளுடைய தம்பி தம் பெயரில் மின் இணைப்பு வாங்கி மோட்டாரை வைத்தார். அதன் பின் அவளுக்கு உரிய முறைத் தண்ணீர் வரவில்லை. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். நிலம் காய்ந்தது. அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆயிற்று. உறவினர் திருமணங்களில் இருவரும் பந்தலின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருப்பதைக் கண்டே நான் வளர்ந்தேன்.

நண்பர்களே, அன்று அந்த ரயிலில்தான் விடுவது என்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு முதன்முதலாக விளங்கியது. பண்டா கேட்டது காயும் பழமும் இலையும். அவை வெளியே இருப்பவை. பெயர் சொன்னால் போதும், விட்டதாகிவிடும். ஆனால் நம்மைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பொருளே அல்ல. அந்தப் பொருளைக் குறித்து நாம் மனத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்கு. எனக்கு இவ்வளவு வர வேண்டியிருந்தது, இன்னார் தரவில்லை, இந்த நாளில் இதைச் சொன்னார் என்று நாள் தவறாமல் எழுதப்படும் பேரேடு அது. கிணறு வற்றினாலும் அந்தப் பேரேடு வற்றுவதில்லை. அதை மூடு என்று நாம் நமக்கே கட்டளையிடலாம். கை கேட்காது. அப்பத்தா அந்த மரத்தடியில் நின்று கட்டளையிட்டுப் பார்த்தாள். வாய் வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்லாமல் கத்தரிக்காய் என்று சொன்னாளே, அந்த நேர்மையை நான் பல ஆன்மிகச் சொற்பொழிவுகளில் கண்டதில்லை.

மயான வைராக்கியம் என்று நம் முன்னோர் ஒரு சொல்லை வைத்தார்கள். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. புதிதாக வரும் மாணவர்களை நாம் எல்லோரும் மணிகர்ணிகைக்கு அழைத்துப் போகிறோம். இரவும் பகலும் அணையாத சிதைகளைப் பார்த்து அவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். வாழ்வு இவ்வளவுதானா என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்த வைராக்கியம் படித்துறையின் மேல் படி வரை உறுதியாக நிற்கும். கோதோலியா நெரிசலில் தளரும். லங்கா வந்து சேர்ந்து மண் குவளையில் லஸ்ஸி கையில் ஏறியதும் முற்றும் கரையும். (நம் பல்கலைக் கழக வாயிலுக்கு லங்கா என்று பெயர் வைத்த புண்ணியவானை வாழ்த்துகிறேன், ஊருக்கு எழுதும்போது இராவணன் ஊரில் படிக்கிறேன் என்று எழுதலாம்.) நான் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பிறர் வீட்டுச் சாவைப் பார்த்துப் பெறுகிற ஞானத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இங்கிருந்து பத்துக் கிலோமீட்டரில் சாரநாத் இருக்கிறது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று புத்தர் முதன்முதலில் எடுத்துரைத்த இடம். ஆனால் என் மனத்தில் நிற்பது அந்த முதற் பேருரை அல்ல. சிராவஸ்தியில் நடந்ததாகச் சொல்லப்படும் கிசா கோதமியின் கதை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், உடலை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு வருகிறாள். சாவு விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எல்லோரும் சாகிறார்கள் என்பது அதன் கருத்து என்கிறார்கள். அதற்குக் கடுகு எதற்கு? அதை அவர் வாயாலேயே சொல்லியிருக்கலாமே! "அம்மா, எல்லோரும் சாகிறவர்கள், ஏற்றுக்கொள்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. அவளை நடக்க விட்டார். அவள் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி தன் வீட்டுச் சாவைச் சொன்னாள். யாரும் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. தத்தம் துயரைச் சொன்னார்கள், அவ்வளவே. எத்தனையாவது வாசலிலோ அவள் இடுப்பிலிருந்த பாரத்தைத் தானே இறக்கினாள். ஏற்றல் என்பது அவளுக்கு வந்தது காதின் வழியாக அல்ல, கால்களின் வழியாக. நண்பன் ஒருவன் துயரத்தில் இருக்கும்போது "விடுடா" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிற நாம், புத்தர் செய்யாத வேலையைச் செய்கிறோம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். விடுவது நெறி, விடச் செய்வது கொடுமை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து ஏமாற்றுவது நம் நாட்டுப் பழைய பழக்கம். இந்தக் காசியின் சந்துகளில் எத்தனை தலைமுறையாக விதவைகள் கொண்டுவந்து விடப்பட்டார்கள்! நிறச் சேலையை விடு என்றார்கள், கூந்தலை விடு என்றார்கள், ஒருவேளைச் சோற்றை விடு என்றார்கள், வீட்டையும் நிலத்தையும் விடு என்றார்கள். பிடுங்கியதற்குத் துறவு என்று பெயர் சூட்டினார்கள். நம் தமிழ் வீடுகளும் மொட்டையும் நார்மடியும் கொடுத்து அதையேதான் செய்தன. வடக்கத்தியாரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. அந்த விதவைகளின் கதையைப் படமாக்க 2000ஆம் ஆண்டில் இந்த நகரத்துக் கரையில் அரங்கு அமைத்தார்கள். ஒரு கூட்டம் வந்து அதை உடைத்தது. படத்தைப் பிறகு இலங்கையில் எடுத்தார்கள், 2005-ல் வெளியாயிற்று. முக்தி கொடுக்கும் ஊர் தன் பழைய தவறு ஒன்றை ஏற்றுக்கொள்ள இயலாமல் தவித்ததை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இது பழைய கதை என்று தள்ளாதீர்கள். "நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்ற வாக்கியத்தை உங்கள் வீட்டில் யாரிடம் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணனிடமா, தங்கையிடமா? மேற்படிப்பை விடு என்பது யாருக்கு? சொத்தில் பங்கை விடு என்பது யாருக்கு? கூலி பாக்கியைக் கேட்டவனிடம் பொறுமையின் பெருமையைப் பேசுகிறவர், தமக்கு வர வேண்டிய பாக்கியில் ஒரு ரூபாயை விடுவாரா? எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவருக்கு, வேறோர் ஊரில், ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. கேட்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் அவருக்குக் கர்ம யோகம் போதித்து அனுப்பினாராம். பலனை எதிர்பாராதே என்று! உதவித்தொகை பலன் அல்ல, ஐயா, அது அரிசி.

ஆகவே நான் எனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். நடந்து முடிந்ததை ஏற்பது வேறு. நடந்துகொண்டிருக்கும் அநீதியை ஏற்பது வேறு. விடுதலைப் பற்றி ஒருவன் தனக்குத் தான் பேசலாம். பிறனிடம் பேசும்போது, அவன் விடுவதால் தனக்கு ஏதேனும் லாபம் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மறுபக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் படிப்பது எப்படி, முயல்வது எப்படி என்று நம்மில் கெட்டிக்காரர் கேட்பார்கள். வள்ளுவரைப் பாருங்கள். துறவுக்கு ஓர் அதிகாரம், அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரம், ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிய அதே கை, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் எழுதியது. ஊழுக்கு அஞ்சாமல் உழைப்பவன் அந்த ஊழையே புறங்காண்பான் என்றும் அங்கே சொல்கிறார். முரண்பாடு என்று தமிழாசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதுண்டு. தேர்வில் இரண்டு முறை தோற்ற எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வை நான் இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை தோற்றபோது வெட்கமில்லை. இரண்டாம் முறை இரண்டே மதிப்பெண்ணில் போயிற்று. அதன்பின் நான்கு மாதம் நான் ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை. வேறென்ன செய்தேன்? விடைக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு நள்ளிரவில் மதிப்பெண்ணைக் கூட்டினேன். மீண்டும் கூட்டினேன். நாற்பத்திரண்டாம் வினாவுக்கு விடையை மாற்றாமல் விட்டிருந்தால் என்று கணக்குப் போட்டேன். முடிந்துபோன தேர்வை நூறு முறை எழுதியதால் வரப்போகும் தேர்வுக்குப் படிக்க நேரமில்லாமல் போயிற்று. விடாமல் பற்றிக்கொண்டிருப்பதை உழைப்பு என்று நான் எண்ணியிருந்தேன். அது சோம்பலின் ஒரு வகை. ஏற்காதவனால் முயலவும் முடியவில்லை.

அது எப்போது என் கையை விட்டது? கங்கைக் கரையில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். படகுக்காரர்கள்தான் வந்து எழுப்பினார்கள். ஒரு நாள் மாலை தந்தையாருக்குத் தொலைபேசியில் பேசினேன். அதுவரை முடிவு வரவில்லை என்று பொய் சொல்லி வந்திருந்தேன். "அப்பா, இந்த முறையும் இல்லை. வந்து நாலு மாசமாச்சு" என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றேன். அன்றைக்கு மறுநாள் நூலகத்துக்குப் போனேன். ஏற்றுக்கொள்வது என்பது எனக்கு வந்த வழி இதுதான்: யாரிடம் சொல்லக் கூசினேனோ அவரிடம் சொன்னது. மூன்றாம் முறை எழுதிய தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. இம்முறை உண்மையாகவே வரவில்லை.

இந்த ஊருக்கு நமக்கு முன்னே வந்த ஒரு தமிழ் மாணவரும் ஒன்றை விட்டார். 1898-ல் தந்தையை இழந்து, அனுமன் கட்டத்தில் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த பாரதி, இங்கே குடுமியை விட்டார்; மீசையையும் தலைப்பாகையையும் பிடித்தார். விடுவதெல்லாம் கையை வெறுமையாக்கத்தான் என்பதில்லை போலும்.

ஆனால் காசியில் விட்டவர்களுக்குள் என் மனம் கவர்ந்தவர் கபீர்தான். இந்த நகரத்து நெசவாளி. காசியில் இறந்தால் முக்தி, கோரக்பூருக்கு அருகிலுள்ள மகரில் இறந்தால் அடுத்த பிறவியில் கழுதை என்று அக்காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததாம். வாழ்நாளெல்லாம் காசியில் இருந்த கிழவர், கடைசிக் காலத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மகருக்குப் போய் அங்கே உயிரை விட்டார் என்று வரலாறு சொல்லி வருகிறார்கள். உலகமே எதைப் பற்றிக்கொள்ள இங்கே வருகிறதோ, அதையே அவர் விட்டார். முக்தி வேண்டும் என்பதும் ஒரு பேரேடுதானே?  ஆனால் தறியில்லாமல் அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பத்தாவின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். கயையிலிருந்து திரும்பி ஏழெட்டு மாதம் கழித்து அவளுடைய தம்பி நோயில் படுத்தார். அவள் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிப் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். என்ன பேசினாய் என்று பிறகு கேட்டேன். "என்னத்தப் பேச? பழைய நாளுல ஆடு மேய்ச்சதப் பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். கிணற்றைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லையாம். அவர் பிழைத்துக்கொண்டார். மோட்டார் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பத்தாவின் ஒன்றரை ஏக்கர் இன்னும் வானம் பார்த்த பூமிதான். அதற்காக என் தந்தையார் ஊர்ப் பெரியவர்களை வைத்து மறுபடி பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும் என்கிறாள் அவள். பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

சென்ற வாரம் அவளோடு பேசியபோது, "அப்பத்தா, அப்ப கெணத்த விட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"கெடக்கு" என்றாள். பிறகு, "அங்கிட்டுக் குளிரு எப்படிய்யா? அவுங்க ஊருச் சாப்பாட்டுல பாவக்காய் போட்டா என்ன செய்வ?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வாரத்தில் இரண்டு நாள் போடுகிறார்கள். நான் விரதத்தைக் காத்து வருகிறேன்.